பொட்டு வைத்த பதினொரு பிள்ளைகள்

கம்ப்யூட்டர் பாடங்களுக்குப் படம் போடுகிறவர்களையெல்லாம் கண்டியில் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம், இனிமேல் மெஷினே படம் போட்டுக்கொள்ளுமாம். கலாராணி கண்டியில் அந்த வேலையைத்தான் செய்கிறாள். ஆனால் இந்தச் செய்தி அவளுக்குக் கண்டியில் கிடைக்கவில்லை, புசல்லாவையிலிருந்து வந்தது.

வந்த வழியைப் பின்னால் விசாரித்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அலுவலகத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற ஆஸிகா, முதலாளி இல்ஹாம் போனில் யாரோடோ பேசியதில் பாதியைக் காதில் வாங்கியிருக்கிறாள். அதைக் கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் மச்சானிடம் சொல்லியிருக்கிறாள். மச்சான் தன் கடைக்குச் சாரம் வாங்க வந்த புசல்லாவை பஸ் கண்டக்டரிடம் சொல்ல, கண்டக்டர் பஸ்ஸில் நின்ற டிலானியிடம் டிக்கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். டிலானி கலாராணியின் அண்ணன் மனைவி. மிச்சக் காசைக்கூட எண்ணிப் பார்க்காமல் போனை எடுத்தாள்.

“ஏய் கலா, மெஷின் வந்து எறங்கிருச்சா?”

“எந்த மெஷின் அண்ணி?”

“ஒன்னைய வீட்டுக்கு அனுப்புற மெஷின்தான். சீனாவுலருந்து வருதாம். கொழும்புக்கு வந்துருச்சு, கண்டிக்கு லொறியில ஏத்தியாச்சுன்னு பஸ்ஸே பேசுது. ஒனக்குத் தெரியாதா?”

“எனக்கு யாரும் ஒன்னும் சொல்லலியே.”

“ஒனக்கு என்னைக்கு யாரு சொன்னா? வந்துரு வந்துரு. இங்க பாத்திரம் தேய்க்க ஆளில்ல.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். கலாராணியால் சிரிக்க முடியவில்லை. லொறி, சீனா எல்லாம் பஸ் சேர்த்ததாக இருக்கும். மிச்சத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

முப்பத்தொரு வயது கலாராணிக்கு. புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி, கம்பளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், ஏழு வருடத்துக்கு முன் கண்டிக்கு வந்தவள். தோட்டத்தில் அவளைப் பற்றி, “கறுப்பையா மக கண்டியில படம் வரையுது” என்றுதான் பேச்சு. கோயில் திருவிழா நோட்டீஸுக்கு ஒரு மயில் வரைந்து தரச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். அவளுக்கு மயில் அல்ல, ஒரு பூனைகூட வரைய வராது. யாரோ வரைந்த படத்தைத் தேடி எடுத்துப் பொருத்துகிறதுதான் வேலை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. சில நாட்களில் அவளுக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

அலுவலகம் மருந்துக்கடை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. வங்கி ஊழியர், ஹோட்டல் ஊழியர், தாதிமார் என்று ஆட்கள் போனிலும் கம்ப்யூட்டரிலும் பார்த்துப் படிக்கிற பாடங்களை அங்கே செய்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரி சுபாஜினி பாடத்தை எழுதுவாள். எழுதிய தாளில் இடப்பக்கம் வசனம் இருக்கும், வலப்பக்கம் ‘படம்: மகிழ்ச்சியான தொழிலாளி’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த மகிழ்ச்சியான தொழிலாளியை எங்கேயாவது தேடிப் பிடிப்பது கலாராணியின் பாடு.

தேடுகிற இடத்துக்கு அவள் வைத்த பெயர் படக்கடை. யாருக்கென்று இல்லாமல், எதற்கென்று இல்லாமல், எங்கோ இருக்கிற ஓவியர்கள் வரைந்து அடுக்கிய லட்சக்கணக்கான படங்கள் இணையத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. அந்தக் கடையின் மனிதர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். கறுப்புக் காற்சட்டை போட்டு எப்போதும் எதையாவது சுட்டிக்காட்டி நிற்கிற ஒரு பெண்ணுக்கு கைகாட்டி அக்கா என்று பெயர். கைகாட்டி அக்கா வங்கிக்காரருக்குக் கடவுச்சொல் படிப்பித்திருக்கிறாள், நுவரெலியா ஹோட்டலில் கட்டில் விரிக்கப் படிப்பித்திருக்கிறாள், டெங்குப் பாடத்தில் நீர் தேங்கிய டயரையும் காட்டியிருக்கிறாள். சட்டை நிறத்தை மட்டும் கலாராணி மாற்றிவிடுவாள்.

அவளுடைய கெட்டித்தனம் எதைப் போடக்கூடாது என்று தெரிந்திருப்பதில் இருந்தது. ஹோட்டல் பாடத்தில் ‘வெற்றி’ என்று வந்த இடத்துக்குப் படக்கடை நீட்டியது மலை உச்சியில் கொடி பிடித்து நிற்கிற ஒரு ஆளை. கலாராணி அவனைத் தள்ளிவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்த கட்டிலை வைத்தாள். அந்த ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற பெண்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் கைதட்டினார்களாம். ஏழு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதையும் அவள் நேரில் கேட்கவில்லை.

அண்ணி போன் எடுத்த மறுநாள் காலை இல்ஹாமின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

“நானா, மெஷின் கத உண்மையா?”

அலுவலகத்தில் எல்லோருக்கும் நானாவான, அதாவது அண்ணனான, இல்ஹாம் நிமிர்ந்து பார்த்தார். “யார் சொன்ன?”

“புசல்லாவை பஸ்ல பேசிக்கிறாங்க.”

“அல்லாஹ்! நான் ஒங்களுக்குச் சொல்ல முந்தி பஸ்காரன் சொல்லிட்டானா?” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இரிங்க தங்கச்சி. அப்பிடி நிக்க வாணாம்.”

கதிரையில் உட்கார்ந்தாள். இல்ஹாம் மறைக்காமல் சொன்னார். தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா பார்க்கிற பெண்களுக்கு, அதாவது தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது அவர்களுடைய கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, ஒரு வெளிநாட்டு நிறுவனம் பாடம் செய்யச் சொல்லியிருக்கிறது. முதலில் எட்டுப் பாடம். அது சரிவந்தால் இன்னும் நாற்பது.

“படத்தில பிழ கூடுதலா வந்தா, மிச்சம் நாப்பதையும் மெஷினால செஞ்சி தாங்கண்டு அவங்க சொல்லீக்கிறாங்க. அப்பிடி வந்தா படத்துக்கெண்டு தனியா ஒரு ஆள வெச்சிக்க எனக்கு ஏலா. பொய் சொல்லி என்ன வேல? ஊர் ஊராப் போய் ஓடர் பிடிக்கிற வேல ஈக்கி, அதத் தரலாம்.”

“நீங்க அந்த மெஷினப் பாத்தீங்களா?”

“நேத்து அடிச்சிப் பாத்தன். தோட்டத்துப் புள்ளக்காம்பராண்டு கேட்டா, ஒரு புள்ள தேயிலச் செடிக்கு மேல குந்திட்டு ஈக்கி, பக்கத்தில யான.”

“யானையா?”

“யானதான். சிரிக்க வாணாம் தங்கச்சி. நாளைக்கி அது யானய எடுத்துரும். அதுவும் படிக்கிதுதானே.”

அது உண்மை என்று கலாராணிக்கும் தெரியும். எட்டுப் பாடம், எண்பத்துநாலு படம். அவளுடைய மேசையும் கதிரையும் அந்த எண்பத்துநாலின் மேல் நின்றன.

ஐந்து வாரம் உழைத்தாள். படக்கடையில் ‘கைக்குழந்தை’ என்று தேடினால் வருகிறதெல்லாம் ரோசாப்பூ நிறத்தில், கம்பிக் கட்டிலில், கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு கிடக்கிற குழந்தைகள். நிறத்தை மாற்றினாள். கரடியை எடுத்தாள். கடற்கரையில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டியிருந்த ஒரு ஊஞ்சல் துணியை வெட்டியெடுத்து, இன்னொரு படத்திலிருந்து எடுத்த கூரை வளையில் தொங்கவிட்டுத் தொட்டிலாக்கினாள். ஒவ்வொரு பாடம் முடிய முடிய டிலானிக்கு அனுப்பினாள். டிலானி வேலை செய்வதே பிள்ளைக்காம்பராவில்தான். அவள் ஓய்வு கிடைக்கிறபோது பார்த்து, “இந்தத் தொட்டிலு அந்துரும்”, “இந்த ஆயா என்ன, கல்யாணத்துக்குப் போறாளா?” என்று குரலில் பதில் போடுவாள். கலாராணி திருத்துவாள்.

எட்டுப் பாடமும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டில் இருக்கிற டொக்டர் இங்க்ரிட் என்பவருக்குப் போயின. பத்தாம் நாள் குறிப்புகள் வந்தன. ஆங்கிலம். சுபாஜினி அலுவலகக் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கலாராணிக்கு வாசித்துச் சொன்னாள்.

“எழுத்தில பெரிசா ஒண்டுமில்ல. படத்திலதான். பதினொரு இடத்தில ஒரே குறிப்பு.” விரலை அந்த வரியில் வைத்தாள். “‘குழந்தையின் இடது கன்னத்தில் கறுப்பு நிறப் புண் காணப்படுகிறது. இது எந்த நோயின் அடையாளம்?’ எண்டு கேக்கிறா.”

“எந்தப் புண்?”

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். மூன்றாம் பாடம், காலையில் பிள்ளையைப் பொறுப்பெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. நாலு பிள்ளைகள் நாலு கட்டத்தில் இருந்தார்கள். யாருக்குச் சுகமில்லை என்று பார்த்துத் தொட வேண்டும். நாலு பிள்ளைகளின் இடது கன்னத்திலும் வட்டமாக, கறுப்பாக, கச்சிதமாக ஒரு பொட்டு.

கலாராணி திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. சுபாஜினியின் தாளில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. நிறம் மாற்றி, சட்டை மாற்றி, தலையைப் படிய வாரி முடிந்த கையோடு, பிள்ளையை வெளியே தூக்குவதற்கு முன் எந்தத் தாயும் செய்கிற மாதிரி, கண் படாமல் இருக்க ஒரு பொட்டை வைத்திருக்கிறாள். பதினொரு தடவை வைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட வைத்ததாக ஞாபகம் இல்லை.

“நீங்க பாக்கலியா அக்கா?”

“பாத்தனான். ஆனா எனக்கும் ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையே. குழந்தைப்பிள்ளை எண்டா பொட்டு இருக்கும்தானே?” சுபாஜினிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. “அந்த மனுசி பாவம், நாலுக்கும் ஏதோ நோய் வருத்தம் எண்டு நினைச்சு, எதைத் தொடுறது எண்டு தெரியாம இருந்திருப்பா.”

இல்ஹாம் வந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. “பதினொண்டா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “எடுத்துருங்க. வெள்ளிக்கிழமைக்கி முந்தி அனுப்பினாச் சரி. அவங்க எடுக்கத்தானே சொல்றாங்க” என்றார்.

எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு கன்னங்களும் வெறும் கன்னங்களாயின. பழக்கத்தில் மூன்றாம் பாடத்தை மறுபடி டிலானிக்கு அனுப்பினாள். கூடவே எழுதினாள்: யாருக்குச் சுகமில்லை, தொடுங்க.

அன்று பகல் டிலானியின் குரல் வந்தது. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன.

“கலா, இது என்னடி, நாலும் காச்சக்காரப் புள்ளைங்களா? நானும் பாக்குறேன், என்கூட நிக்கிற பாப்பம்மாவும் பாக்குது, எதத் தொடுறதுன்னே வெளங்கல. மொதல்ல அனுப்புனதுல புள்ளைங்க நல்லா இருந்துச்சுங்க. இப்ப ஏன் நாலையும் நோயாளியாக்கி வச்சிருக்க?”

கலாராணி உடனே எடுத்துப் பேசினாள்.

“ஏன் அண்ணி காச்சல்னு சொல்றீங்க? அதுல ஒரு புள்ளைக்குத்தானே கண்ணு சொருகியிருக்கு?”

“கண்ண யாரு பாத்தா? அதுங்க தூக்கக் கலக்கத்துல வரும், எல்லாத்துக்கும் கண்ணு சொருகித்தான் இருக்கும். பொட்டு எங்க? காச்சல்னா ஆத்தாக்காரி குளிப்பாட்ட மாட்டா. குளிப்பாட்டலன்னா பவுடர் இல்ல, பொட்டு இல்ல. பொட்டு இல்லாம ஒரு புள்ளைய எங்கையில குடுத்தா, நான் மொதல்ல நெத்தியத் தொட்டுத்தான் பாப்பேன். நேத்து வச்ச பொட்டு ஈஷிக்கிட்டு இருந்தாலும் அப்பிடித்தான். ராத்திரி பூரா ஈரத்துணி போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.” அதோடு விடாமல், “இதெல்லாம் ஒனக்குத் தெரியாதா? ஒனக்கெங்க தெரியும், நீதான் கல்யாணம்னாலே பஸ் ஏறிர்றியே” என்று வைத்தாள்.

கலாராணி மேசையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்த்தாள். பொட்டு இருந்தால் டொக்டருக்கு நாலும் நோயாளி. பொட்டு இல்லாவிட்டால் அண்ணிக்கு நாலும் நோயாளி. பாடம் டொக்டர் படிக்கிறதற்கு அல்ல. ஆனால் சரி பிழை சொல்கிறவர் அவர். இப்படியே அனுப்பிவிட்டால் மேசை தப்பும். தோட்டத்தில் எவளோ ஒருத்தி அந்தத் திரையைப் பார்த்து விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிப்பாள். தனக்கு மூளையில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். படத்தில் பிழை என்று அவளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

இல்ஹாமிடம் போனாள். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னாள்.

“பொட்ட திரும்ப வைக்கணும் நானா. சுகமில்லாத புள்ளைக்கு மட்டும் நேத்து வச்சது கலைஞ்ச மாதிரி.”

“தங்கச்சி, எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம், முடிஞ்சி. இப்ப கேள்வி கேட்டா கத நீளும். பிழையும் செஞ்சிட்டு வாதாடுறாங்கண்டு சொல்லுவாங்க.” பேனாவை மேசையில் தட்டினார். “மத்தது, எங்கட மகளுக்கு நாங்க பொட்டு வெக்கிற இல்ல. அப்ப ஒங்கட படத்தப் பாத்தா எங்கட மக எந்நாளும் காச்சக்காரியா?”

கலாராணி எழுந்து வந்துவிட்டாள். கோபமாகவும் இருந்தது, அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். எல்லா வீட்டிலும் பொட்டு இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் காலையில் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் மேல் ஒரு பத்து நிமிடம் செலவழிக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளையில் தெரியும். அதுதான் படம்.

நாலு பிள்ளைகளையும் கலைத்துப்போட்டுத் தொடக்கத்திலிருந்து செய்தாள். முதல் பிள்ளைக்கு வட்டமான புதுப் பொட்டும் கழுத்தில் கொஞ்சம் அதிகமாகப் பூசிய பவுடரும். இரண்டாவதுக்குப் பொட்டு இல்லை, ஆனால் ஈரம் காயாமல் வகிடெடுத்து வாரிய தலை, பொத்தான் எல்லாம் பூட்டிய சட்டை. மூன்றாவதுக்கு நெற்றியில் சின்னப் பொட்டு, வாயோரம் பிஸ்கட் தூள். நாலாவது பிள்ளை நேற்றைய சட்டையோடு வந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கம் ஒட்டிக்கிடந்தது. கன்னத்துப் பொட்டு காது வரைக்கும் இழுபட்டிருந்தது. அந்த ஈஷலைச் சரியாகக் கொண்டுவரத்தான் அரை நாள் ஆனது. படக்கடையில் அது இல்லை. கடைசியில் யாரோ ஒரு சித்திரகாரன் தூரிகையைத் துடைத்த கறை ஒன்றைத் தேடியெடுத்து, சிறிதாக்கி, வெளிற வைத்து ஒட்டினாள்.

இல்ஹாம் பார்த்தார். இரண்டாவது பிள்ளையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

“இது எங்கட மகதான்.”

“பொத்தான் பூட்டிவிட்டிருக்கேன் நானா.”

“அது மட்டும் பொய். அவ பூட்ட விட மாட்டா.” நாற்காலியில் சாய்ந்தார். “சரி. ரெண்டையும் அனுப்புவம். அவங்க கேட்டதும் ஈக்கட்டும், இதும் ஈக்கட்டும். பிரச்சின வந்தா ஒங்கட தலை.”

“எந்தலைதான் நானா.”

காரணத்தை ஆங்கிலத்தில் சுபாஜினி எழுதித் தருவதாகச் சொன்னாள். கலாராணி வேண்டாம் என்றுவிட்டு ஒரு பக்கத்தில் ஆறு சின்னப் படங்களை வரிசையாக வைத்தாள். குளிக்க வைக்கிற கை, பவுடர், பொட்டு, பிள்ளைக்காம்பரா வாசல். கீழ் வரிசையில் ஈரத்துணி போட்ட நெற்றி, கலைந்த பொட்டு. சுபாஜினி அதன் அடியில் இரண்டே வரி எழுதினாள். அந்தப் பக்கத்துக்கு எட்டு நாள் பதில் இல்லை. எட்டு நாளும் கலாராணி, ஆஸிகா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடித்தாள். பஸ்ஸில் ஏதும் புதுச்செய்தி உண்டா என்று அண்ணியிடம் கேட்டாள். “ஒங்க மெஷின் கடுகண்ணாவயில பஞ்சராகி நிக்கிதாம்” என்றாள் டிலானி.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டையும் வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றிருந்தார் டொக்டர் இங்க்ரிட். படம் போட்டவருக்குப் பழக்கமில்லாத இடமாக இருக்க வேண்டும், படம் போட்டவர் வரலாம், வாய் திறக்கக்கூடாது.

ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் மூன்று தோட்டங்களிலிருந்து ஆயாமார் பன்னிரண்டு பேரை நிறுவனத்தார் கூட்டினார்கள். இல்ஹாமின் வேனில் அவரும் கலாராணியும் போய்ச் சேர்ந்தபோது மழைப்புகார் பனிமூட்டம் போல வாசல் வரைக்கும் வந்து நின்றது. கொழும்பிலிருந்து வந்திருந்த நிறுவனத்து அதிகாரி நிஷாந்தினி, கையில் தாளும் பென்சிலுமாக, கலாராணிக்குப் பின்வரிசைக் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். “சைகைகூடக் காட்டக்கூடாது, சரியா?” என்றார். கலாராணி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

முதலில் பொட்டு இல்லாத நாலு பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து திரையைத் தொட வேண்டும். முதலில் வந்தவள் விரலை மேலே கொண்டுபோய், கீழே கொண்டுவந்து, “எதத் தொட்டாலும் சரிதானே மிஸ்?” என்றாள். இன்னொருத்தி சிரிக்கிற பிள்ளையைத் தொட்டுவிட்டுப் போனாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மூக்காயி என்ற ஆயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலையும் பார்த்து, “இதுகளுக்கு ஆத்தா இல்லையா? தோட்டத்துல கொள்ள நோயா?” என்று நிஷாந்தினியையே கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நிஷாந்தினி சிரிக்காமல் எழுதினார். கலாராணி எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டில் ஐந்து சரி.

பிறகு புதிய நாலு பிள்ளைகள் வந்தார்கள். முதல் பெண் வந்த வேகத்திலேயே நாலாவதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். இரண்டாவது பெண்ணும் அப்படித்தான். “பாவம், ராத்திரி தூங்கல” என்று யாரோ சொன்னார்கள். பேசக்கூடாது என்று நிஷாந்தினி அதட்டினார். முக்காடு போட்டிருந்த மஸீனா என்ற ஆயா இரண்டாவது பிள்ளையை ஒரு விரலால் காட்டி, “இது குளிச்சிட்டு வந்தீக்கி, தல ஈரம்” என்று தனக்குள்ளே சொல்லிவிட்டு நாலாவதைத் தொட்டாள். இல்ஹாம் கலாராணியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. எண்ணிக்கையை விட்டுவிடக்கூடாதே என்ற பயம்.

மூக்காயி தொட்டுவிட்டு நகரவில்லை.

“மிஸ், இந்தப் புள்ள எந்தத் தோட்டத்துப் புள்ள?”

“அது படம் அம்மா.”

“படம்தான். யாரு பெத்த புள்ளையப் பாத்துப் போட்டது? எங்க மேல்மலையில ஒன்னு இதே சாடைதான்.”

பின்வரிசையில் கலாராணியின் கைகள் மரத்துப்போயிருந்தன. பதினொன்று சரி. பன்னிரண்டாமவள் மட்டும் பிஸ்கட் தூள் பிள்ளையைத் தொட்டாள். வாய் துடைக்காமல் அனுப்பினால் அது என்ன வீடு என்பது அவள் வாதம்.

முடிந்ததும் எட்டுப் பாடத்தையும் ஓடவிட்டுக் காட்டினார்கள். ஐந்தாம் பாடத்தில் ஒரு தாய் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். அவள் நெற்றிக் கயிற்றில் பிரம்புக் கூடை. அந்தக் கயிற்றைத் தலையில் சரியாக உட்கார வைக்கக் கலாராணி ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டிருந்தாள். வரிசை முழுவதும் ஒரே சிரிப்பு.

“யாரு இப்ப கூட போடுறா? பேக்குத்தானே!” என்றாள் ஒருத்தி. “இது எங்கம்மா காலத்துப் பொம்பள.”

கலாராணிக்கு முகம் சிவந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் வாசலில் காய்கிற நைலோன் பைகளைத் தாண்டித்தானே வீட்டுக்குள் போகிறாள். வாய் திறக்கத் தடை இருந்ததால் கைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து ‘5 – கூடை இல்லை, பேக்’ என்று எழுதிக்கொண்டாள். எழுதியதை நிஷாந்தினி பார்த்தார். அவரும் தன் தாளில் ஏதோ எழுதினார்.

முடிவு என்ன என்று இல்ஹாம் கேட்டுப் பார்த்தார். டொக்டர்தான் சொல்வார், தாளைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன் என்றார் நிஷாந்தினி. ஆயாமார் தேத்தண்ணியும் கடலையும் கொடுத்து அனுப்பினார்கள்.

மலையிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தெல்தெனியாவைத் தாண்டினார்கள். பிறகு இல்ஹாம் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

“வெளிக்கிடக்குள்ள நிஷாந்தினி மிஸ் ஒங்கட நம்பரக் கேட்டு எடுத்தாங்க.”

“என் நம்பரா? ஒங்க நம்பர்தானே அவங்ககிட்ட இருக்கு?”

“என்ட நம்பர் ஈக்கி. ஒங்கடதக் கேட்டாங்க. டொக்டர் கேட்டாவாம், படம் போட்ட ஆள் யாருண்டு.”

“எதுக்கு நானா?”

“எனக்கென்ன தெரியும்? மெஷினால செய்றண்டா ஒங்கட நம்பர் கேட்க மாட்டாங்கதானே.”

சொல்லி வாய் மூடவில்லை, அவள் மடியில் கிடந்த போன் நடுங்கியது. நீளமான நம்பர். முன்னால் கூட்டல் குறி. இலங்கை நம்பர் இல்லை.

“நானா, நீங்க பேசுங்க.”

“நான் என்ன பேச? பொட்டப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நில்லுங்க, ஓரமா விடுறன். இந்த மழச் சத்தத்தில ஒண்டும் கேக்கா.”

வேன் ஒரு மூடிய கடையின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே போய் நின்றது. இல்ஹாம் என்ஜினை நிறுத்தினார். வைப்பர் கண்ணாடியின் பாதியில் அப்படியே நின்றது. முதல் வசனத்தை ஆங்கிலத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று கலாராணி உதட்டுக்குள் அடுக்கிப் பார்த்தாள். காய்ச்சல் பிள்ளையைக் குளிப்பாட்ட மாட்டார்கள் என்பதிலிருந்தா, அதற்கு முன்னால் வணக்கத்திலிருந்தா? கடலை உப்பு ஒட்டியிருந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஒரு தரம் துடைத்தது போதாது என்று இன்னொரு தரம் துடைத்தாள்.

“எடுங்க தங்கச்சி” என்றார் இல்ஹாம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.